அந்த 4ஏஏ கருவும் என் 39 வயதும்

ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) சிகிச்சையில் என் முட்டைகளை வெளியே எடுத்துக் கருவாக்கியிருந்தார்கள். ஐந்தாவது நாள் காலை ஏழே முக்காலுக்கு லேப்பிலிருந்து போன் வந்தது. லேப்பில் கருவை வளர்த்துப் பார்க்கும் நிபுணரான எம்பிரியாலஜிஸ்ட்டின் குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. "ஒரு 4ஏஏ வந்திருக்கு மேடம். ரொம்ப அழகான எம்பிரியோ." போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடக் காத்திருப்பில் அதுதான் முதல் நல்ல செய்தி. கணவர் ஒன்றும் பேசாமல் என் தோளில் கை வைத்தபடி நின்றார்.

அந்தக் கரு ஒட்டியது. கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பீட்டா நன்றாக ஏறியது. ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தோம். ஒன்பதாவது வாரம் போனபோது டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. அந்தச் சில விநாடிகளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

திசுவைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. 16வது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்திருக்கிறது. ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கோளாறுகளில் கருச்சிதைவுகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான் என்றும், இப்படி எல்லாச் செல்லிலும் மூன்று இருந்தால் அந்தக் கரு பிறப்பு வரை போகவே போகாது என்றும் டாக்டர் விளக்கினார்.

"4ஏஏ-ன்னு சொன்னாங்களே டாக்டர்?" என்றுதான் நான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அது கரு பார்க்க எப்படி இருக்குங்கறதுக்குக் கொடுக்கற மார்க்கும்மா. குரோமோசோம் கணக்கு மைக்ராஸ்கோப்ல தெரியாது. வயசு கை வைக்கறது அங்கதான்."

அழகான கரு வேறு, சரியான கரு வேறு. இந்த ஒரு விஷயம் 36 வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் நான் எடுத்த முடிவுகளில் பாதி வேறு மாதிரி இருந்திருக்கும். முக்கியமாக, நான் வீணாக்கிய காலம் கையில் இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலம் எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 36 வயதில் குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்தோம். 37 வயதில் முதல் பரிசோதனை. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்எச் 3.1 என்று வந்தது. "உங்க வயசுக்கு ரொம்ப நல்ல ரிசர்வ், அவசரமே இல்லை" என்று அன்று பார்த்த மருத்துவர் சொன்னார். அந்தத் தாளை மடித்து என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். யாராவது வயதைப் பற்றிப் பேசினால் மனதுக்குள் அந்த 3.1-ஐச் சொல்லிக்கொள்வேன். என் உடம்பு என் வயதைவிட இளமையாக இருக்கிறது என்றே நம்பினேன். மாத்திரையோடு சில மாதம், விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ மூன்று முறை, நடுவில் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு சில மாதம். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

ஏஎம்எச் சொல்வது எண்ணிக்கையை. ஊசி போட்டுத் தூண்டினால் எத்தனை முட்டை கிடைக்கலாம், மருந்தின் அளவு எவ்வளவு வைக்கலாம், முட்டைப்பை அதிகமாக வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறதா என்று கணிக்க அது நன்றாக உதவும். அந்த முட்டைகள் எப்படிப்பட்டவை என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. ஏஎம்எச் குறைவாக உள்ள 29 வயதுப் பெண்ணுக்கு முட்டை கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் அவை 29 வயது முட்டைகள். எனக்கு நிறைய வந்தது, எல்லாம் 39 வயது முட்டைகள். தரத்தைக் கணிக்க இன்றைக்கு இருப்பதில் உருப்படியான ஒரே அளவுகோல் பிறந்த தேதிதான். இதற்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

ஏன் அப்படி என்று எனக்குப் பொறுமையாக விளக்கியவர் எம்பிரியாலஜிஸ்ட்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். பெண்ணின் முட்டைகள் மாதாமாதம் புதிதாக உருவாவதில்லை. அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. கருவில் 20வது வாரம் வாக்கில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருவது சுமார் 400தான், மீதியெல்லாம் தானாக அழிந்துவிடும். இது எண்ணிக்கைக் கதை. தரத்தின் கதை இன்னொன்று. ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைத் தாயின் வயிற்றிலேயே ஆரம்பித்து, நடுவில் அப்படியே நிறுத்தி வைத்துவிடுகிறது. அது முதிர்ந்து வெளிவரும் மாதத்தில்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 25 வயதில் என்றால் 25 வருட இடைவெளி. என் விஷயத்தில் 39 வருடம். அத்தனை வருடமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கோஹெசின் என்கிற புரதம். வருடம் ஆக ஆக அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்புறம் பிரிக்கும்போது ஒரு பக்கம் ஒன்று கூடுதலாகப் போய்விடும், மறுபக்கம் ஒன்று குறையும்.

அவர் பென்சிலால் போட்ட அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது ஒருவித நிம்மதி. அதுவரை எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையில் அலைந்தது, ராத்திரி கண்விழித்தது, கருவை வைத்த பிறகு மாடி ஏறியது, மனசு நொந்து அழுதது. "நீ ரெஸ்ட் எடுத்திருக்கணும்" என்று சொன்னவர்களும் உண்டு. 16வது குரோமோசோம் மூன்றாக ஆனது பெரும்பாலும் முட்டை வெளிவரும் முன்னரே நடந்து முடிந்துவிட்ட விஷயம். கரு என் வயிற்றுக்கு வருவதற்கு முன்பே. நான் மாடி ஏறியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருச்சிதைவு ஆன எந்தப் பெண் இதைப் படித்தாலும் இந்த வரியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு நடைமுறை விஷயம். சிதைவு ஏற்பட்டால் திசுவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் மனசு எதிலும் நிற்காது, தெரியும். ஆனால் அந்த ஒரு முடிவுதான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குரோமோசோம் பிழைதான் காரணம். அப்படி வந்தால் கர்ப்பப்பையையும் ரத்தம் உறைவதையும் ஆராய்ந்துகொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. இன்னொன்று, முடிவு "சாதாரணம், பெண் கரு" என்று வந்தால் அது தாயின் திசு கலந்ததால் வந்த முடிவா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்படி நேர்வது உண்டு.

இனி அந்த மார்க் விஷயம். 4ஏஏ, 3பிபி, 5பிசி என்றெல்லாம் தாளில் எழுதித் தருவார்கள். முதலில் வரும் எண் 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது, தன் மேல் ஓட்டிலிருந்து வெளியே வர ஆரம்பித்துவிட்டதா என்பதைச் சொல்கிறது. முதல் எழுத்து குழந்தையாக ஆகப் போகும் உள் செல்கூட்டத்துக்கு. இரண்டாவது எழுத்து நஞ்சுக்கொடியாக ஆகப் போகும் வெளிச்சுற்றுக்கு. திரையில் என் கருவைக் காட்டினார்கள். சுற்றிலும் முத்து கோத்தது போலச் செல்கள், உள்ளே ஒரு ஓரமாகச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டு. "அதுதான் பேபி" என்று பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இதைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மார்க் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே பெண்ணின் இரண்டு கருக்களில் எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்ய அது தேவை. நல்ல மார்க் உள்ள கருவுக்கு ஒட்டும் வாய்ப்பும் ஓரளவு கூடுதல். குரோமோசோமுக்கும் தோற்றத்துக்கும் தொடர்பும் கொஞ்சம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். கருவைச் சோதித்துப் பார்த்த பெரிய கணக்குகளின்படி, குரோமோசோம் பிழை மிகக் குறைவாக இருப்பது 20களின் பிற்பகுதியில். 35 வயதில் ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பிழையானது. 40 வயதில் பாதிக்கு மேல். 43, 44 வயதில் பத்தில் எட்டுக்கும் மேல். இவை ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்து வளர்ந்த கருக்கள் என்பதைக் கவனியுங்கள். 40 வயதுப் பெண்ணின் ஏஏ கரு என்பது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிவிடுவது போல. 28 வயதுப் பெண்ணின் பிபி கருவே அதைவிடப் பாதுகாப்பான பந்தயம்.

காத்திருப்பு அறையில் நாங்கள் எல்லோரும் மார்க்கை ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். "உங்களுக்கு என்ன கிரேடு?" என்பதுதான் முதல் கேள்வி. பி வந்தவர் முகம் வாடிப் போகும். வயதைச் சேர்க்காமல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

என் டைரியில் முதல் சுற்றின் பக்கத்தில் 14, 11, 8, 7, 2 என்று ஐந்து எண்கள் இருக்கின்றன. 14 முட்டை எடுத்தார்கள். அதில் முதிர்ந்தவை 11. கருவுற்றவை 8. மூன்றாம் நாள் நன்றாக இருந்தவை 7. ஐந்தாம் நாளுக்கு வந்து சேர்ந்தவை 2. அந்த மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஏழு நன்றாக இருக்கின்றன என்று கேட்டு மனசு நிறைந்திருந்தது, இரண்டு நாளில் ஐந்து போய்விட்டன. லேப்பில் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் முதல் மூன்று நாள் கரு பெரும்பாலும் முட்டையில் ஏற்கனவே இருக்கும் சேமிப்பை வைத்தே ஓடுகிறது. அதற்குப் பிறகு அதன் சொந்த மரபணுக்கள் வேலையைக் கையில் எடுக்க வேண்டும். விந்தணுவின் பங்கு நன்றாகத் தெரிய ஆரம்பிப்பதும் அப்போதுதான். அந்த இடத்தில் நின்றுபோகிற கருக்கள் எந்த வயதிலும் உண்டு. கருவுற்றவற்றில் பாதிதான் ஐந்தாம் நாளுக்கு வரும், பல நேரம் அதற்கும் குறைவு.

உங்கள் சுற்றிலும் இந்த எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா போயிட்டிருக்கு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். முதிர்ந்தவை குறைவாக இருந்தால் முட்டையைக் கடைசியாக முதிர வைக்கப் போடும் டிரிக்கர் ஊசியின் நேரத்தையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம். முதிர்ந்தும் கருவுறவில்லை என்றால் கேள்வி வேறு. மூன்றாம் நாளுக்கு மேல் எல்லாமே நின்றுவிட்டால் விந்தணுவையும் ஒருமுறை ஆழமாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எந்தப் படியில் இழக்கிறோம் என்று தெரியாமல் அடுத்த சுற்றில் எதை மாற்றுவது? எங்கள் விஷயத்தில் என் கணவரின் பரிசோதனை ஒரே ஒரு முறைதான் எடுக்கப்பட்டிருந்தது, அதுவும் இரண்டு வருடத்துக்கு முன். எல்லோர் கண்ணும் என் மேலேயே இருந்தது. மறுபடி எடுத்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது, புகையை விடச் சொன்னார்கள், விட்டார். விந்தணு உருவாகி முழுமையடைய இரண்டரை மாதம் போல ஆகும். அதனால் ஆண் செய்யும் மாற்றத்துக்குப் பலன் தெரிய அவ்வளவு காலம் தேவை.

முதல் சுற்றில் மீதியிருந்த 3பிபி கருவை வைத்தோம். ஒட்டவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் பெரிய தவறு செய்தேன். "முட்டையின் தரத்தைக் கூட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்" என்று முடிவெடுத்தேன். கோக்யூ10, டிஎச்இஏ, மெலடோனின், இன்னும் என்னென்னவோ. மேஜை மேல் வரிசையாக ஒன்பது டப்பா இருந்தது. மூன்று மாதம் என்று ஆரம்பித்து எட்டு மாதம் ஆக்கினேன். மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு உண்டு, முட்டை தன் கடைசிக்கட்ட வளர்ச்சியை முடிக்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். ஆனால் எட்டு மாதத்துக்கு ஒரு கணக்கும் இல்லை. தளர்ந்துபோன அந்தப் பிடியைத் திரும்ப இறுக்கும் மாத்திரை இன்று வரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. இந்தச் சத்து மாத்திரைகளுக்கு ஆதரவாக இருக்கும் ஆதாரங்கள் சிறியவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. உறுதியாகச் சொல்லக்கூடியவை சாதாரணமானவை: புகையை விடுவது, மதுவைக் குறைப்பது அல்லது விடுவது, எடை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் சரிசெய்வது, தைராய்டையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சிகிச்சையோடு சேர்த்தே செய்யலாம். சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டுச் செய்யத் தேவையில்லை. டிஎச்இஏ ஒரு ஹார்மோன், அதை நானாக வாங்கிச் சாப்பிட்டிருக்கவே கூடாது.

40 வயதில் எட்டு மாதம் என்பது 30 வயதில் எட்டு மாதம் போல இல்லை. அந்த எட்டு மாதத்தைத்தான் இப்போதும் நினைத்து வருந்துகிறேன்.

அடுத்த டாக்டர் சொன்ன திட்டம் எனக்குப் புதிதாக இருந்தது. "முதல்ல முட்டை எடுத்துக் கருவாக்கி ஃப்ரீஸ் பண்ணி வெச்சிடலாம். உடனே டிரான்ஸ்ஃபர் வேண்டாம். திரும்ப ஒரு தடவை எடுக்கலாம். எல்லாம் சேர்த்து வெச்சிக்கிட்டு அப்புறம் நிதானமா வைக்கலாம்" என்றார். கடிகாரம் ஓடுவது முட்டைப்பையில், கர்ப்பப்பையில் அவ்வளவாக இல்லை. உறைய வைத்த கருவுக்கு உறைந்த நாளின் வயதுதான். ஒவ்வொரு கருவாக வைத்து, ஒட்டுமா என்று காத்திருந்து, ஒட்டி, கலைந்து, உடம்பு தேறி மறுபடி ஆரம்பித்தால் ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடத்தையும் முட்டைதான் இழக்கும். இரண்டாவது குழந்தையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் 37, 38 வயதில் இந்தக் கேள்வியை அவசியம் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை முட்டை எடுத்தார்கள். முதல் முறை 11 முட்டை, அதில் இரண்டு ஐந்தாம் நாளுக்கு வந்தன. ஒன்று 5ஏஏ, இன்னொன்று 4ஏபி. இரண்டாம் முறை 8 முட்டை. ஐந்தாம் நாள் காலையில் "இன்னும் ஒண்ணும் முழுசா வரலை, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறோம்" என்றார்கள். ஆறாம் நாள் ஒன்று வந்தது. 4பிசி. "சுமார்தான், ஆனா டெஸ்டுக்கு எடுக்கலாம்" என்று எம்பிரியாலஜிஸ்ட் சொன்னபோது, எதற்கு வீண் செலவு என்று நான் ஒரு நிமிடம் யோசித்தேன். அவர்தான், "தோற்றத்தை வெச்சு முடிவெடுக்க வேண்டாம்னு உங்களுக்கே தெரியுமே" என்றார்.

பிஜிடி-ஏ என்கிற அந்தச் சோதனையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கருவின் வெளிச்சுற்றிலிருந்து 5 முதல் 10 செல் எடுத்து குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். குழந்தையாகும் பகுதியைத் தொடுவதில்லை. இது கருவைச் சரிசெய்யாது, இருக்கிற கருக்களில் எதை வைக்கலாம் என்று மட்டுமே சொல்லும். மொத்தத்தில் குழந்தை பிறக்கும் வாய்ப்பை அது கூட்டிவிடும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. இளவயதுப் பெண்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. வயது கூடியவர்களுக்குக் கிடைப்பது வேறு: ஒட்டாத டிரான்ஸ்ஃபர்களும் கருச்சிதைவுகளும் குறையும், காலம் மிச்சமாகும். இன்னொரு கருச்சிதைவைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லை, அதனால் சோதனைக்குச் சம்மதித்தேன். ஒரே ஒரு கரு மட்டும் இருக்கிறது, சோதிக்காமல் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மொசைக் என்று ஒரு முடிவும் வரும், எடுத்த செல்களில் சில சரியாகவும் சில பிழையாகவும் இருக்கும். அப்படிப்பட்ட கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். ஆகவே மொசைக் என்றவுடன் தூக்கிப் போடச் சொல்லிவிடாதீர்கள், மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். எல்லாம் சரி என்று வந்த கருவும் நிச்சயம் அல்ல. பத்தில் நான்கு போல ஒட்டாமலும் போகும்.

முடிவு வந்த நாள் மழை. வாசலிலேயே நின்று மெயிலைத் திறந்தேன். 5ஏஏ: 22வது குரோமோசோம் ஒன்று குறைவு. 4ஏபி: இரண்டு இடத்தில் பிழை. ஆறாம் நாள் தட்டுத்தடுமாறி வந்த அந்த 4பிசி: சரி. மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். வரிசை மாறிவிட்டதோ என்று போன் போட்டுக் கேட்டேன். மாறவில்லை.

அடுத்து என்ன நடந்தது என்பதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காத்திருப்பு அறையில் பழக்கமான ஒரு அக்கா, வயது 44. ஐந்து முறை முட்டை எடுத்திருந்தார். கடைசி மூன்று சுற்றில் சோதித்த ஒரு கருவும் தேறவில்லை. ஒருநாள் என்னிடம், "டோனர் எக் எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்பா. இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். தானமாகக் கிடைத்த முட்டையில் வெற்றி வாய்ப்பு முட்டை கொடுத்தவரின் வயதையே ஒட்டிப் போகிறது, கருவைச் சுமப்பவரின் வயதால் அது பெரிதாகக் குறைவதில்லை. வயது பெரிதும் பாதிப்பது கர்ப்பப்பையை அல்ல, முட்டையைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம். அந்த அக்காவுக்கு முதல் முறையிலேயே ஒட்டியது. அவர் எடுத்த முடிவைத் தோல்வி என்று பேசியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஒருத்தி தன் மரபணுவை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய துக்கம் என்பதும், அந்தத் துக்கத்தைத் தாண்டி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று, 43 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வழியையும் முதல் சந்திப்பிலேயே டாக்டர் சொல்லிவிட வேண்டும். ஐந்து சுற்று முடிந்து உடம்பும் மனசும் ஓய்ந்த பிறகு சொல்வது நியாயமே இல்லை.

என் 4பிசி கருவை 41 வயதில் வைத்தார்கள். ஒட்டியது. ஒன்பதாவது வாரம் ஸ்கேனுக்குப் போனபோது திரையைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டர் கையைத் தட்டி, "இங்க பாரும்மா" என்று திரையைத் திருப்பினார். என் மகளுக்கு இப்போது இரண்டு வயது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லோரையும் வேடிக்கை பார்ப்பது அவளுக்குப் பிடித்த வேலை.

எனக்குக் கிடைத்தது என்பதால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மூன்று முறையில் 33 முட்டை எடுத்து, ஐந்து கரு வந்து, சரி என்று உறுதியானது ஒன்று. அந்த ஒன்றும் ஒட்டாமல் போயிருக்கலாம். 41 வயதில் என் கணக்கு அவ்வளவுதான். 36 வயதில் இதே 33 முட்டை எடுத்திருந்தால் சரியான கருக்கள் இரண்டு மூன்றாவது கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

போன மாதம் என் தங்கை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, எட்டு மாதமாக முயற்சி செய்கிறார்கள். ஏஎம்எச் 3.4. "சூப்பரா இருக்குக்கா, டாக்டரே சொன்னாங்க. ஒரு ரெண்டு வருஷம் பார்த்துட்டு அப்புறம் யோசிக்கலாம்னு இருக்கோம்" என்று எழுதியிருந்தாள். பார்த்தவுடனே போன் செய்தேன்.

"ரிப்போர்ட் இருக்கட்டும். இந்தப் பிறந்தநாளுக்கு உனக்கு எத்தனை?"

"36 ஆகுது."

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்து பார்க்கலாம், 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும், 40 தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். மாப்பிள்ளைக்கும் சேர்த்தே டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, அந்தப் பென்சில் படம் போட்ட தாள் ஒண்ணு வெச்சிருந்தியே, அதைக் கொஞ்சம் அனுப்பறியா?" என்றாள்.